பாஸ் கிட்டார்: இன்னாசிமுத்து

ஜூன் 3, சனி

இது என் நோட்டு. இதில் எழுதுவது நான். என் பெயர் இன்னாசிமுத்து. வயது அறுபத்தெட்டு. வியாசர்பாடியில் இருக்கிறேன்.

இந்த ஐந்து வாக்கியங்களை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மாலை வகுப்பு நேற்றோடு முடிந்தது. சுகந்தி டீச்சர் சொன்னார்: "தினமும் எழுதுங்க ஐயா. ஒரு வரியா இருந்தாலும் எழுதுங்க. விட்டா கை மறந்துடும்." அதனால் எழுதுகிறேன்.

நான் 'கூட்ஸ் ஷெட்' என்ற ராக் பேண்டில் பாஸ் கிட்டார் வாசிக்கிறேன். வகுப்பில் இதைச் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழக்கடை அம்மா "இந்த வயசுலயா?" என்றார். "உக்காந்துகினுதான் வாசிக்கிறேன்" என்றேன்.

பேண்டில் நான்கு பேர். ஹேமாவதி பாட்டு எழுதிப் பாடுகிறவள். இம்ரான் கிட்டார். டோனி டிரம்ஸ். மூவருக்கும் முப்பதைச் சுற்றி வயது. மூவருக்கும் நான் நைனா. எங்களுக்குப் பின்னால் எந்தக் கம்பெனியும் இல்லை. எங்கள் பாட்டு, எங்கள் மேடை, எங்கள் தொண்டை. ஏழு வருடமாக வாசிக்கிறோம். இந்த மாதம்தான் முதல் தடவையாக எட்டுப் பாட்டைப் பதிவு செய்து கேசட்டாகப் போடப்போகிறோம். இளசுகள் மறுபடியும் கேசட் வாங்குகிறார்களாம்.

கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயர் அச்சாகும். என் பெயர் இதுவரை எதிலும் அச்சானதில்லை. அந்த வரியை வேறு யாரும் படித்துக் காட்டக் கூடாது, நானே படிக்க வேண்டும். அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

ஜூன் 5, திங்கள்

தண்ணீர் பிடித்தேன். ரேஷன் கடைக்குப் போனேன். காலையில் டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எண்ணெய்ப் பிசுக்கு என்றேன். "காப்பி டம்ளர்ல ஏது எண்ணெ?" என்றாள் என் மனைவி பிலோமினா.

பேனாவும் வழுக்குகிறது. நல்ல பேனா ஒன்று வாங்க வேண்டும்.

ஜூன் 8, வியாழன்

கொளத்தூரில் பதிவு. ஒரு வீட்டின் கீழ்த்தளம். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் ஹேமாவே உட்கார்ந்தாள். டிரம்ஸ் முன்பே முடிந்துவிட்டது. இன்று என் முறை. காதில் ஹெட்போன் மாட்டினார்கள். அதற்குள் டிக் டிக் என்று ஒரு சத்தம். அதோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமாம்.

"நைனா, கொஞ்சம் முன்னாடி வா" என்றாள் ஹேமா. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். டோனி விழுந்து விழுந்து சிரித்தான்.

"சேரு இல்ல நைனா, வாசிப்பு. டிக் டிக் முன்னாடி பஸ் புடிச்சுப் போவுது. நீ பின்னாடி ஓடிவந்து டாட்டா காட்டுற."

"போடா. டிக் டிக்குக்கு இன்னா தெரியும் பாட்டப் பத்தி" என்றேன்.

டோனி பதிவன்று அவசரப்பட்டு அடித்துவிட்டான் என்று நினைக்கிறேன். அவன் எப்போதும் அப்படித்தான். இம்ரான் மூலையில் உட்கார்ந்து என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கேலியும் பேசவில்லை.

முன்பெல்லாம் ஒத்திகையில் ஒரு பாட்டைப் பத்துத் தடவை வாசிக்க வைப்பாள் ஹேமா. ஒரு ஓரம் தேய்ந்திருந்தாலும் மறுபடி என்பாள். இன்று மூன்றாவது தடவையிலேயே "சூப்பர் நைனா, இது போதும்" என்றாள். நான்கு பாட்டு முடிந்தது. நான் தேறிவிட்டேன் போலிருக்கிறது.

ஜூன் 9, வெள்ளி

மீதி நான்கும் முடிந்தது. சட்டைப் பொத்தானைப் பிலோமினா போட்டுவிட்டாள். நேரமாகிவிட்டது என்பதால்.

ஜூன் 12, திங்கள்

மழை. வெளியே போகவில்லை. நான் எப்படி பாஸ் வாசிக்க வந்தேன் என்று எழுதப் போகிறேன். மெதுவாக எழுதுவேன்.

ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினேன். வேலை இல்லாத நாளில் கிரகோரி அண்ணனின் கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்கு ஸ்பீக்கர் தூக்கினேன். பாஸ் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பலகை மேடையில் வைத்தால் அதிர்ந்து அதிர்ந்து நகரும், விளிம்புக்குப் போய் விழும். அது நகராமல் இருக்க அதன் மேல் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் நான். மூன்று வருடம் உட்கார்ந்தேன். மற்றவர்கள் பாட்டைக் காதால் கற்பார்கள். நான் உட்காரும் இடத்தால் கற்றேன். ஒருநாள், பாஸ் வாசிக்கிற கிரகோரி அண்ணன் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். கிட்டாரை எடுத்தேன். விரலுக்குத்தான் வழி தெரியவில்லை. பாட்டு முழுக்க உடம்பில் இருந்தது.

கிரகோரி அண்ணனின் கிட்டாரில் நான்கு கம்பி. அதில் மிகக் கனத்த கம்பியின் முறுக்காணி தேய்ந்திருந்தது. மேடை விளக்குச் சூட்டில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிடும். விரலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் தள்ளிச் சரிசெய்துகொள்ளலாம். விரல் வைக்காமல் வெறுமனே மீட்டினால் அசிங்கமாகிவிடும். அதனால் அந்தக் கம்பியை ஓபனாக மீட்டவே மாட்டேன். அந்தச் சுரம் வேண்டுமென்றால் மேலே அடுத்த கம்பியில் எடுப்பேன். கிட்டார் மாறி இருபது வருடம் ஆகிறது. பழக்கம் மாறவில்லை. நான் வாசித்த எதிலும் அந்த ஆக அடியில் இருக்கும் சத்தம் இருக்காது.

பிறகு பாரிமுனையில் வெளிநாட்டு ராக் கேசட்டுகள் வாங்கிக் கேட்டேன். அதில் பாஸ் வாசித்தவர்கள்தான் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவர்கள். ஒருவர் பாட்டுக்கு அரை அடி பின்னால் நின்று தள்ளுவார். ஒருவர் ஊருக்கே கேட்கும்படி நடப்பார். இன்னொருவர் வாசிக்க வேண்டிய இடத்தில் சும்மா இருந்து பயமுறுத்துவார். அவர்கள் பெயர் அட்டையில் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. நானே பெயர் வைத்தேன்: சோம்பேறி, போலீஸ்காரர், ஊமை. இன்றுவரை அவர்களின் உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது.

மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. இடையில் இரண்டு முறை கையை உதறிக்கொண்டேன்.

ஜூன் 15, வியாழன்

பிலோமினா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாள். வாய்வு என்றேன். "வாய்வு வெரல்லயா வரும்?" என்கிறாள். பூண்டுக் குழம்பு வைக்கச் சொன்னேன்.

ஜூன் 17, சனி

பாட்டெல்லாம் போனுக்கு வந்துவிட்டது! எட்டும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்துக் கேட்டேன். நான் இவ்வளவு சுத்தமாகவா வாசித்திருக்கிறேன்? ஓர் இடத்தில்கூடத் தடுமாற்றம் இல்லை. டோனியின் டிரம் உதையும் என் கம்பியும் ஒரே காலால் நடக்கின்றன. அறுபத்தெட்டு வயதில்! பக்கத்து வீட்டு ஜெபராஜைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "நல்லா திம்முன்னு இருக்குது" என்றான். இரண்டாவது பாட்டையும் கேட்க வைத்தேன். வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

ஜூன் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்தோம். இம்ரான் சாப்பிட வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு இங்கேதான் சாப்பாடு. மாட்டுக்கறிக் குழம்பு. வழக்கமாகச் சட்டியை வழித்துவிடுவான். இன்று பாதியில் எழுந்தான்.

"கறியெல்லாம் அப்டியே வெச்சிட்டியே? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்றாள் பிலோமினா.

"வயிறு சரியில்ல ஆன்ட்டி."

நான் விடவில்லை. "டேய், 'பீச் ஸ்டேஷன்' பாட்டுல ரெண்டாவது சரணம் கேட்டியா? எப்டி எறங்கியிருக்கேன் பாத்தியா? எவனாலடா முடியும்?"

"ஆமா நைனா" என்றான். கை கழுவப் போனவன் வெகு நேரம் குழாயடியிலேயே நின்றான்.

ஜூன் 19, திங்கள்

இன்று 'பீச் ஸ்டேஷன்' பாட்டை மறுபடி கேட்டேன். ஜெபராஜ் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில். பாட்டு முடியும் இடத்தில் ஒரு நீண்ட சத்தம். ஹெட்போனில் அது எனக்குப் பிடிபடவில்லை. ஸ்பீக்கரில் போட்டபோது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது.

கனத்த கம்பி. ஓபன்.

நாற்பது வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட மீட்டியதில்லை.

மறுபடி போட்டேன். மறுபடி. ஆறு முறை. பிறகு மற்ற பாட்டுகளையும் கவனித்தேன். கம்பியைத் தொடும்போது சின்னதாக ஒரு 'டக்'. விரலில் அந்தச் சத்தம் வராது. பிக் என்கிற பிளாஸ்டிக் துண்டால் மீட்டினால்தான் வரும். பிக் பிடித்து வாசிப்பது கிட்டார்க்காரன். எங்கள் பேண்டில் பிக் பிடிப்பவன் ஒருவன்தான்.

எட்டுப் பாட்டிலும் நான் இல்லை.

ஜூன் 20, செவ்வாய்

கத்தரிக்காய்ப் பொரியல். எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 21, புதன்

ஹேமா வீட்டுக்கு வந்தாள். கையில் கேசட் அட்டையின் மாதிரித் தாள். வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறதாம். "நீயே படி நைனா, நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

படித்தேன். கூட்ஸ் ஷெட். எட்டுப் பாட்டின் பெயர். கடைசியில்:

பாஸ் கிட்டார்: இன்னாசிமுத்து.

அச்சு எழுத்து. நேராக, கறுப்பாக, ஒரே அளவில். நான் எழுதினால் கோடு தாண்டிப் போகும். இது போகவில்லை. விரலால் தடவினேன். ஹேமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிலோமினா எட்டிப் பார்த்து, "பேரு பெருசா இருக்கறதால எடம் அடைக்குது" என்றாள்.

நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாளை வைத்துக்கொள்ளவா என்று மட்டும் கேட்டேன்.

பேண்டில் மற்ற மூவருக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை தாண்டிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது. ஏழு வருடம் வாசித்தவன்தானே நான். ஏழு வருடத்துக்கு ஒரு வரி அதிகமா?

தாளை மேசையில் வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதும் அதைத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

இம்ரானின் கடைக்குப் போனேன். பெரம்பூரில் செல்போன் பழுது பார்க்கிறான். யாருடைய போனையோ திறந்து வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சின்ன ஸ்க்ரூ கீழே விழுந்தது. இருவரும் குனிந்து தேடினோம். குனிந்தபடியே கேட்டேன்.

"எட்டையுமாடா?"

மேசைக்கு அடியிலிருந்தே, "எட்டையும்" என்றான்.

"எப்போ?"

"நீ முடிச்சுட்டுப் போன மறுநா, சனிக்கெழம. ஹேமா அழுதுகினே ரெக்கார்டு பண்ணுச்சு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா நின்னுடுவ நைனா. உன்னத் தெரியாதா? கிட்டாரத் தூக்கி மூலைல வெச்சுட்டு, வெத்தல போட்டுகினு குந்திடுவ. அதுக்கு இது மேல்னு நெனச்சோம்." எழுந்து உட்கார்ந்தான். "உன்ன மாரியே வாசிக்கப் பாத்தேன். சத்தியமா. நீ எங்க நிப்ப, எங்க தள்ளுவன்னு எல்லாம் பாத்துப் பாத்து..."

"என்ன மாரியா? அப்புறம் ஏண்டா 'பீச் ஸ்டேஷன்' கடைசில கனத்த கம்பிய ஓபனா அடிச்ச?"

"அந்த எடத்துக்கு அதானே நைனா வரும்?"

"நான் அடிக்க மாட்டேன்."

"இன்னாது?"

"ஏழு வருஷமா பக்கத்துல நின்னுகினு இருக்க. நான் அத ஓபனா அடிச்சுப் பாத்துருக்கியா?"

யோசித்தான். "அட, ஆமால்ல" என்றான். அவனை அறைய வேண்டும் என்று வந்தவன் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

"நைனா, உன் கை."

"இன்னா என் கை?"

"இந்த ஸ்க்ரூவ எடு."

கீழே கிடந்தது. பளபளவென்று தெரிந்தது. எடுக்கப் போனேன். விரல் தொடுகிறதா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மூன்று முறை முயன்றேன். அவன் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நோட்டில் பொய் எழுதக் கூடாது. எழுதிவிடுகிறேன். வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் மரத்துப்போகின்றன. ஒன்பது மாதமாக. டம்ளரில் எண்ணெய் இல்லை. பேனா நல்ல பேனாதான். டோனி அவசரப்படவில்லை.

வீட்டுக்கு வந்து தாளை எடுத்துப் பார்த்தேன். எங்கோ ஓர் ஆள் இந்தக் கேசட்டைக் கேட்டு, இந்தக் கம்பி நல்லா இருக்கே, யார் வாசித்தது என்று அட்டையைத் திருப்பிப் பார்ப்பான். அவனுக்குப் படிக்கத் தெரிந்திருக்கும். சோம்பேறியையும் ஊமையையும் நாற்பது வருடமாகப் பெயர் தெரியாமல் வைத்திருந்த எனக்கு, அவனிடம் பொய்ப் பெயர் சொல்ல மனம் வரவில்லை.

பெயரின் மேல் கோடு போடப் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன்.

ஜூன் 23, வெள்ளி

காலை ஒன்பது மணிக்குக் கொளத்தூர் போனேன். மூவரும் இருந்தார்கள். இம்ரான் சொல்லியிருப்பான். ஒருவரும் முகம் பார்க்கவில்லை. தாளை ஹேமாவிடம் கொடுத்தேன். என் பெயரை அடித்து, பக்கத்தில் இம்ரான் பெயரை எழுதியிருந்தேன்.

"இத அச்சடி."

"மாட்டேன்" என்றாள். "நைனா, இது உன் பேண்டு. உன் கூட்ஸ் ஷெட் கதையிலேர்ந்து எடுத்த பேரு. உன் பேரு இல்லாம நான் போட மாட்டேன்."

"என் பேரு வேணும்னா என்ன வாசிக்க வுடு. மூணு தடவைல சூப்பர்னு சொல்லி ஏமாத்தாத."

"எல்லாப் பாட்டையுமா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போவணும் நைனா."

"அஞ்சு மணி வரைக்கும்."

'பீச் ஸ்டேஷன்' முதலில். வேகமான பாட்டு. பதினொரு தடவை வாசித்தேன். பதினொரு தடவையும் டிக் டிக் என்னை விட்டுப் போய்விட்டது. இந்தத் தடவை ஹேமா ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னாள். "பின்னாடி. பின்னாடி. சரணத்துல ரெண்டு நோட்டு காணோம்." டோனி ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பன்னிரண்டாவது தடவை தொடங்கும் முன் நானே ஹெட்போனைக் கழற்றினேன். "இம்ரான் வாசிச்சதே இருக்கட்டும்" என்றேன்.

வேகமான மற்ற பாட்டுகளிலும் இதே கதைதான்; மூன்று மணி ஆகிவிட்டது. மிஞ்சியது, கேசட்டில் ஐந்தாவதாக வரும் 'ஈரச் சட்டை'. மெதுவான பாட்டு. மழையில் நனைந்த சட்டையோடு ஒரு பெண் வேலைக்குப் போவதைப் பற்றி ஹேமா எழுதியது. அதில் நோட்டு குறைவு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூச்சு விடலாம்.

"டிக் டிக்க நிறுத்து" என்றேன். "டோனி உதைக்கிறது மட்டும் காதுல போடு."

விரல் நுனி வேலைக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. கட்டை விரலை அப்படியே கம்பி மேல் படுக்க வைத்து, தோளிலிருந்து கையைத் தள்ளினேன். மூட்டையைத் தள்ளுவது போல. முதல் தடவை மோசம். இரண்டாவதில் பாதி வந்தது. மூன்றாவதில் கை இழுத்துக்கொண்டது. இம்ரான் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து உருவிவிட்டான். நான்காவதில் கடைசிச் சரணத்தில் தவறவிட்டேன். மணி நான்கு நாற்பது.

ஐந்தாவது தடவை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் அசையவில்லை. ஹேமா மைக் பட்டனை அமுக்கி, "இன்னொரு தடவ போட்டுப் பாக்கறேன்" என்றாள். தலையைக் குனிந்து முழுப் பாட்டையும் கேட்டாள்.

"ஒரு எடத்துல லேசா பின்னாடி நிக்குற" என்றாள்.

"அது தெரிஞ்சேதான் நின்னேன்" என்றேன்.

"தெரியுது. அதான் வெச்சுக்கிறேன்."

தாளை வாங்கி, இம்ரானின் பெயருக்குக் கீழே நானே எழுதிக் கொடுத்தேன். எழுதி முடிக்கும் வரை ஹேமா அச்சுக்காரரைப் போனில் காத்திருக்க வைத்தாள்.

ஜூலை 1, சனி

பிலோமினாவோடு ஆஸ்பத்திரி. மணிக்கட்டில் நரம்பு அமுங்கியிருக்கிறதாம். சின்ன ஆபரேஷன். ஆகஸ்டில் தேதி. பழையபடி வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 7, வெள்ளி

மத்தியானம் இம்ரான் கேசட்டோடு வந்தான். ஹேமாவுக்குக் கூச்சம், டோனிக்கு வேலை. கேசட் போட யாரிடமிருந்தோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரும் கொண்டுவந்திருந்தான். வாசலிலேயே நின்றான். "உள்ள வாடா, குழம்பு ஆறுது" என்றேன்.

அட்டையைப் படித்தேன். வாய்விட்டுத்தான் படித்தேன்.

பாஸ் கிட்டார்: இம்ரான் ஷெரீஃப்.
'ஈரச் சட்டை' பாட்டில் மட்டும்: இன்னாசிமுத்து.

"ஞாயித்துக்கெழம நம்ம புரோகிராம் இருக்குதுல்ல, மேடைல அந்தப் பாட்டுக்கு நீ வரணும்னு ஹேமா சொல்லுச்சு" என்றான். "மத்ததுக்கு நான் பாஸ் எடுத்துக்கறேன். கிட்டார் ஹேமாவுக்கும் கொஞ்சம் வரும், அது பாத்துக்கும்."

"கனத்த கம்பிய நல்லா ஓபனாவே அடி" என்றேன். "ஒனக்கு முறுக்காணி தேயல."

அவன் முதல் பக்கத்தைப் போட்டான். நான்கு பாட்டும் ஓடின. என் இடத்தில் அவன் நடந்துகொண்டிருந்தான். நன்றாகத்தான் நடந்தான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்தேன். பிலோமினா உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் எதில் வாசித்திருக்கிறார்கள் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இம்ரான் கேசட்டைத் திருப்பிப் போட்டான். 'ஈரச் சட்டை' தொடங்கியது.

உள்ளே குழாய் நின்றது. ஈரக் கையோடு பிலோமினா வந்து கதவருகில் நின்றாள். பாட்டு முடியும் வரை அசையவில்லை.

"இதுல மட்டும் நீதான்" என்றாள் என்னிடம்.

"எப்படித் தெரியும்?" என்றான் இம்ரான்.

"நாப்பது வருஷமா அடுத்த ரூம்லேர்ந்து கேக்குறேன்" என்றாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்தாள். "எந்தப் பட்டன அமுக்குனா மறுபடி பாடும்?"